தர்மபுரியில் முதுமை உயிரியல் மாநாடு: தேதி குறிப்பதில் இருந்து கணக்கு முடிப்பது வரை

"முதுமை பற்றி ஒரு மாநாடு நடத்தப் போகிறோம்" என்று சொன்னால் தர்மபுரியில் பாதிப் பேர் முதியோர் இல்லம் சம்பந்தப்பட்டது என்று நினைப்பார்கள். மீதிப் பேர் மூட்டுவலி முகாம் எப்போது என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. உடம்பு ஏன் மூப்படைகிறது, செல்லுக்குள் எது குலைகிறது, ஒரு புழு மூன்று வாரத்தில் முடிந்துபோக ஒரு ஆமை நூறு வருடம் தாண்டி வாழ்வது எப்படி என்று கேட்கும் துறை இது. இதற்கெல்லாம் பெங்களூருவுக்கும் ஐதராபாத்துக்கும்தான் போக வேண்டும் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. தேவையில்லை. இங்கேயே நடத்தலாம்.

150 பேர், இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கல்லூரி ஆசிரியராக இந்த வேலைகளில் நாற்காலி தூக்கியதில் இருந்து நன்றியுரை சொன்னது வரை எல்லாம் செய்திருக்கிறேன். அதில் பிடிபட்டது இதுதான்: மாநாட்டின் உயிர் கேள்வி நேரத்தில் இருக்கிறது. தேதி, அரங்கம், சாப்பாடு என்று கீழே சொல்வதெல்லாம் அந்த நேரத்தை யாரும் பறித்துவிடாமல் காப்பதற்கான ஏற்பாடுதான்.

முதல் படி: எதைப் பற்றிப் பேசப் போகிறோம் (12 மாதம் முன்பு)

"முதுமை உயிரியலில் அண்மைப் போக்குகள்" என்று தலைப்பு வைத்தால் யார் வேண்டுமானாலும் எதையும் பேசலாம். அதனாலேயே அப்படி வைக்கக் கூடாது. 2013ல் லோபஸ் ஒட்டின் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் முதுமையின் அடையாளங்கள் என்று 9 பட்டியலிட்டார்கள். 2023ல் அதே குழு அதை 12 ஆக்கியது. பன்னிரண்டையும் இரண்டு நாளில் அடக்கப் பார்த்தால் ஆளுக்கு ஒரு உரை என்று ஓடி முடியும். எதுவும் மனதில் நிற்காது. மூன்றை எடுங்கள் போதும்.

என் தேர்வில் முதலாவது, செல்லின் முதுமை. மனித செல்களை வளர்ப்புத் தட்டில் வைத்தால் அவை சுமார் 40 முதல் 60 முறை பிரிந்துவிட்டு நின்றுவிடும் என்று ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961ல் காட்டினார்கள். குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் குறுகுவது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று பிறகு தெரிந்தது. டெலோமியர் ஆய்வுக்காக பிளாக்பர்ன், கிரைடர், ஷோஸ்டாக் மூவருக்கும் 2009ல் நோபல் கிடைத்தது. இளநிலை மாணவருக்கும் பாடத்தில் இருக்கும் விஷயம் என்பதால் எல்லோரையும் ஒரே படகில் ஏற்ற இது வசதி.

இரண்டாவது, உணவும் ஆயுளும். உணவைக் குறைத்த எலிகள் நீண்ட நாள் வாழ்ந்ததை மெக்கே 1935ல் வெளியிட்டார். டாஃப்-2 என்ற ஒரே மரபணுவில் கோளாறு உள்ள புழு இரண்டு மடங்குக்கு மேல் வாழ்வதை சிந்தியா கென்யன் குழு 1993ல் காட்டியது. அந்த மரபணு உண்டாக்குவது இன்சுலின் போன்ற சமிக்ஞையைப் பிடிக்கும் ஏற்பி. ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியில் இருந்து வந்த ராபமைசின் என்ற மருந்து, வயதான பிறகு கொடுத்தாலும் எலிகளின் ஆயுளை நீட்டுகிறது என்று 2009ல் வந்தது. பட்டினி, மரபணு, மருந்து என்று தனித்தனியாகத் தெரிந்தாலும் மூன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று செல் அறியும் வழித்தடங்கள். அதனால் இந்த அமர்வு தானாகவே ஒரு வாதமாக அமையும். கேழ்வரகுக் களி சாப்பிட்டால் நூறு வயது என்று யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்து சொல்வார். சொல்லட்டும். "எந்த ஒப்பீட்டுக் குழுவோடு பார்த்தீர்கள்?" என்று ஒரு மாணவர் திருப்பிக் கேட்டால் உங்கள் மாநாடு பாதி வெற்றி.

மூன்றாவது வேறு எந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காதது: ஃபுளோரைடு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது நமக்குப் பழைய செய்தி. ஜப்பான் நிதியுதவியோடு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து வரும் நோய்) தணிப்பு என்பது உண்டு, 2013ல் பயன்பாட்டுக்கு வந்தது. பல வருடம் அந்த நீரைக் குடித்தவர்களுக்கு எலும்பில் ஃபுளோரைடு சேரும், பாதிப்பு முற்றினால் தசைநார்களில் சுண்ணாம்பு படியும், முதுகெலும்பு விறைக்கும். நாற்பதுகளில் இருப்பவர் எழுபது வயதுக்காரர் போல நடப்பார். இது முதுமையா, முதுமை போலத் தெரியும் நோயா? எலும்பு மட்டும் மூப்படைந்து மற்ற உறுப்புகள் இளமையாக இருக்குமா? டிஎன்ஏவின் மீது படியும் மெத்தில் அடையாளங்களை வைத்து வயதைக் கணக்கிடும் கடிகாரத்தை ஸ்டீவ் ஹோர்வாத் 2013ல் கொடுத்தார். அந்தக் கடிகாரம் ஃபுளோரோசிஸ் உள்ளவரிடம் என்ன மணி காட்டும்? இந்தக் கேள்வியை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். உள்ளூர் எலும்பு மருத்துவரும் பெங்களூரு மரபியல் ஆய்வாளரும் ஒரே மேசையில் உட்கார வேறு காரணம் தேட வேண்டாம்.

இரண்டாம் படி: குழு

ஏழு பேர் போதும். நிகழ்ச்சி நிரல், ஆய்வுச் சுருக்கம், பணம், தங்குமிடமும் வண்டியும், அரங்கம், சாப்பாடு, மாணவர் தன்னார்வலர் என ஆளுக்கு ஒன்று. அழைப்பிதழில் முப்பது பேர் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஆலோசனைக் குழு என்று ஒன்றைப் போட்டு அதில் சேர்த்துவிடுங்கள். யார் மனமும் நோகாது.

இந்தக் கூட்டத்திலேயே இலச்சினைப் பேச்சு வரும். நெல்லிக்கனி போடலாம் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொல்வார்கள். தகடூர் அதியமான் நீண்ட ஆயுள் தரும் கனியைத் தான் தின்னாமல் அவ்வைக்குக் கொடுத்த ஊரில் வேறு என்ன போடுவது? போடுங்கள், அழகாகத்தான் இருக்கும். ஆனால் நெல்லிப் பொடி விற்கிறவர் அதைப் பார்த்துக் கடை போட வருவார். அதற்குப் பதிலைப் பணப் பகுதியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: தேதி (11 மாதம் முன்பு)

பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். முகூர்த்த நாளில் ஊரில் அரங்கம், விடுதி அறை, வேன், சமையல்காரர் எதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் விலை வேறு. அதனால் கல்யாணம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் நமக்கு வாய்ப்பு. மார்கழியில் வெளிநாட்டுக்காரர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருப்பார்கள். அப்புறம் அரையாண்டு விடுமுறை, பொங்கல். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு.

ஆடிதான் சரி. ஜூலை கடைசி வாரம் கல்லூரி திறந்து மாணவர் வந்திருப்பார்கள், தேர்வும் இல்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும். ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களில் ஒகேனக்கல் பக்கம் கூட்டம் நெரியும்; விடுதி கிடைக்காது. இன்னொன்று, ஆடி வெள்ளியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. அரங்கத்துக்குப் பக்கத்தில் கோயில் இருக்கிறதா என்று ஒரு முறை நடந்து பார்த்துவிடுங்கள். சனி, ஞாயிறு என்று வைக்காமல் வெள்ளி, சனி என்று வைத்தால் முதல் நாள் மட்டும் அந்தச் சத்தத்தைச் சமாளிக்க வேண்டும், ஆனால் பெங்களூருக்காரர்கள் ஞாயிறு மாலை ஓசூர் சாலை நெரிசலில் சிக்காமல் ஊர் போய்ச் சேர்வார்கள்.

தேதி முடிவானதும் மின்வாரிய அலுவலகத்தில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று விசாரியுங்கள். அதே நாளாக இருந்தால் முன்கூட்டிக் கடிதம் கொடுத்து மாற்றக் கேட்கலாம். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஜெனரேட்டர் வேண்டும்.

நான்காம் படி: இடமும் வழியும்

தர்மபுரியா கிருஷ்ணகிரியா என்று ஒரு பேச்சு வரும். கிருஷ்ணகிரி பெங்களூருக்கு இன்னும் பக்கம். 2022ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியும் அங்கே இருக்கிறது. ஆனால் கிருஷ்ணகிரி நகரத்தில் ரயில் நிலையம் கிடையாது. தர்மபுரிக்கு ரயில் உண்டு, 2008ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி உண்டு, பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுநிலை விரிவாக்க மையம் உண்டு. நான் தர்மபுரி பக்கம். சொந்த ஊர்ப் பாசம் கொஞ்சம் இருக்கலாம்.

கல்யாண மண்டபம் வேண்டாம். வாடகை குறைவாகக் கிடைத்தாலும் எதிரொலியில் பேச்சு விளங்காது. கல்லூரி அரங்கமே மேல். ஆனால் தரைத்தளத்தில் இருக்க வேண்டும், சாய்தளம் வேண்டும், கழிப்பறை பக்கத்தில் இருக்க வேண்டும். முதுமை பற்றிப் பேச வரும் எழுபது வயதுப் பேராசிரியரை இரண்டு மாடி ஏற வைத்த கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன். மேலே வந்ததும் அவர் தன் முழங்காலைக் காட்டி, "முதல் ஸ்லைடு இதுதான்" என்றார்.

பயணத் தகவலை அழைப்புக் கடிதத்தோடு ஒரே பக்கமாக அனுப்புங்கள். விமானத்தில் பெங்களூரு வருபவருக்குச் சொல்ல வேண்டியது தூரம் அல்ல, நேரம். விமான நிலையம் நகரத்தின் வடக்கே தேவனஹள்ளியில். நாம் இருப்பது தெற்கே ஓசூர் தாண்டி. நகரத்தைக் குறுக்கே கடந்து வரவேண்டும், நான்கைந்து மணி நேரம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெங்களூரு கண்டோன்மென்ட் – கோயம்புத்தூர் வந்தே பாரத் தர்மபுரியில் நிற்கிறது. சென்னையில் இருந்து வருபவர்களுக்குச் சேலம் பாதையில் இருக்கும் மொரப்பூர் நிலையத்தைச் சொல்லுங்கள். வெளியூர்க்காரர் யாருக்கும் அது தெரியாது. அங்கே நிற்கும் ரயிலாகப் பார்த்து எடுத்தால் முப்பது சொச்சம் கிலோமீட்டர் காரில் வந்துவிடலாம். சேலம் வழியாக வருபவரை இரவில் தொப்பூர் கணவாய் வழியே ஓட்டி வரச் சொல்லாதீர்கள். அந்தக் கணவாயில் லாரி விபத்துகள் நமக்குத் தெரிந்ததே. இரவு சேலத்தில் தங்கிக் காலையில் வரட்டும்.

ஐந்தாம் படி: பேச்சாளர்களும் அனுமதியும் (9 மாதம் முன்பு)

எட்டுப் பேர் அழைத்தால் போதும். பக்கத்தில் இருப்பவர்களில் இருந்து தொடங்குங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நீண்ட ஆயுள் ஆய்வுக்கென்றே ஒரு முயற்சி நடக்கிறது. அதே வளாகத்தின் மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுராவில் கிராமத்து மக்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து வயதும் மூளையும் எப்படி மாறுகின்றன என்று பார்த்துவருகிறது. கோலார் நம் கிருஷ்ணகிரிக்கு எல்லை மாவட்டம். அந்த மண்ணும் சாப்பாடும் நமக்கு அந்நியம் இல்லை. அவர்களுடைய தரவை இங்கே கேட்பதற்கு இருக்கும் அர்த்தம் டெல்லியில் கேட்பதற்கு இல்லை. 2017–18ல் நாடு முழுவதும் 45 வயது கடந்தவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த லாசி என்ற முதுமைக் கணக்கெடுப்பில் வேலை செய்தவர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் முதியோர் மருத்துவத் துறைக்கும் ஒரு கடிதம் போடலாம்.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் முதுமையையும் மரபணு இயக்கத்தையும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த கனுங்கோவைப் பற்றி ஒருவர் பத்து நிமிடம் பேசினால் நல்லது. இந்தத் துறை வெளிநாட்டில் இருந்து நேற்று இறக்குமதியானது என்று மாணவர்கள் நினைக்க வேண்டாம்.

வெளிநாட்டுப் பேச்சாளர் நேரில் வருவதானால் அவருக்கு மாநாட்டு விசா வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பேச வைப்பது ஆபத்து. உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் அனுமதிக்கு உங்கள் நிறுவனம் வழியாக ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். அவர் தங்கும் விடுதி 24 மணி நேரத்துக்குள் விவரத்தைப் பதிவேற்ற வேண்டும். சிறு விடுதிகளில் அந்த வசதி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் ஒருவரைக் காணொளியில் பேச வையுங்கள். ஆனால் உரையைப் பதிவு செய்து வாங்கிக்கொண்டு, கேள்விக்கு மட்டும் நேரலையில் வரச் சொல்லுங்கள். உரையின் நடுவே இணையம் போனால் எல்லாம் போச்சு.

மருத்துவர்கள் வர வேண்டும் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிடம் தொடர் மருத்துவக் கல்விக்கான கிரெடிட் நேரத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் சனிக்கிழமை கிளினிக்கை மூடிவிட்டு வருபவர் குறைவு.

ஆறாம் படி: பணம்

தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம், உயிரித் தொழில்நுட்பத் துறை, சி.எஸ்.ஐ.ஆர்., ஐ.சி.எம்.ஆர். ஆகியவை கருத்தரங்குகளுக்கு உதவி தருகின்றன. நாலுக்கும் விண்ணப்பியுங்கள், ஒன்று வரும் என்று திட்டமிடுங்கள். வரும் பணமும் பல சமயம் எல்லாம் முடிந்து கணக்குக் கொடுத்த பிறகுதான் கைக்கு வரும். அதனால் பதிவுக் கட்டணத்தில் அடிப்படைச் செலவு நடக்கும்படி கணக்குப் போடுங்கள். மாணவர் கட்டணம் ஆசிரியர் கட்டணத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்ட வேண்டாம். அரசுக் கல்லூரி மாணவர் பத்துப் பேருக்காவது இலவசம்.

ஸ்டால் வாடகை நல்ல வருமானம். ஆய்வகப் பொருள், நுண்ணோக்கி விற்பவர்கள் வரட்டும். "இளமை திரும்பும்" மாத்திரை, பொடி, எண்ணெய் எதற்கும் இடம் இல்லை என்று விண்ணப்பப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். இந்தத் துறைக்கு இதைவிடப் பெரிய தொல்லை கிடையாது. அறிவியல் மாநாட்டில் எடுத்த ஒரு போட்டோ அவர்களுக்குப் பத்து வருட விளம்பரம். பேச்சாளர்களும் எந்தக் கம்பெனியில் பங்கு, யாரிடம் சம்பளம் என்பதை முதல் ஸ்லைடில் காட்ட வேண்டும்.

ஏழாம் படி: ஆய்வுச் சுருக்கமும் போஸ்டரும் (5 மாதம் முன்பு)

250 சொல், தமிழிலோ ஆங்கிலத்திலோ. ஒவ்வொன்றையும் பெயர் மறைத்து இரண்டு பேர் படிக்கட்டும். ஐ.எஸ்.பி.என். போட்ட தொகுப்பு புத்தகம் வேண்டும் என்று நச்சரிப்பு வரும்; பதவி உயர்வுக் கணக்குக்கு அது உதவும் என்பது எல்லோருக்கும் தெரியும். முழுக்கட்டுரை கேட்காதீர்கள். கேட்டால் நல்ல ஆய்வாளர் வெளியிடாத முடிவைச் சொல்ல மாட்டார். ஏற்கெனவே அச்சில் வந்ததை மறுபடி வாசித்துவிட்டுப் போவார். சுருக்கங்களை மட்டும் தொகுத்தால் போதும். படம் எடுக்கக் கூடாத ஸ்லைடில் ஒரு சிறு குறி போடச் சொல்லுங்கள்.

போஸ்டர் ஏ0 அளவு, நெடுக்குவாட்டில். ஊரிலேயே ஃபிளெக்ஸில் அடித்துக்கொள்ளலாம். மாட்டுவதற்குப் பந்தல்காரரிடம் ஸ்டால் தடுப்புகள் வாடகைக்குக் கேளுங்கள். டீ மேசையைப் போஸ்டர்களுக்கு நடுவில் போட்டால் கூட்டம் தானாக நிற்கும். வேறு அறையில் போட்டால் போஸ்டர் பக்கம் ஈ காக்கை வராது.

எட்டாம் படி: இரண்டு நாள் நிரல்

சில வருடம் முன்பு நான் குழுவில் இருந்த ஒரு கருத்தரங்கில் ஒன்பதரைக்குத் தொடங்க வேண்டிய விழா, விருந்தினர் வர நேரமாகிப் பதினொன்றுக்குத் தொடங்கியது. ஆறு வாழ்த்துரை. ஒவ்வொன்றுக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு, போட்டோ. விடியற்காலை நான்கு மணிக்குப் பெங்களூருவில் கிளம்பி வந்த ஆய்வாளர் 40 நிமிட உரையைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தார். கேள்வி நேரம் ரத்து, சாப்பாடு ஆறுகிறது என்றார்கள். கை கழுவும் இடத்தில் ஒரு மாணவி அவரைப் பிடித்துக்கொண்டு, செல் பிரிவதை நிறுத்துவது புற்றுநோயைத் தடுக்கத்தானே, அப்படியென்றால் முதுமை என்பது நாம் கொடுக்கும் விலையா என்று கேட்டாள். இளமையில் உதவுவதே முதுமையில் கெடுக்கலாம் என்று பரிணாம உயிரியலாளர் வில்லியம்ஸ் 1957ல் எழுப்பிய வாதத்தின் சாயல் அது. அவள் படித்திருக்கவில்லை, தானாக யோசித்திருக்கிறாள். அவர் ஈரக்கையோடு கால் மணி நேரம் பதில் சொன்னார். அன்றைய மாநாடு அதுதான். அதைக் கேட்டவர்கள் நாங்கள் நான்கு பேர்.

அன்றில் இருந்து நான் வைத்துக்கொண்ட கணக்கு: தொடக்க விழா 30 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, ஒரு வரவேற்பு, ஒரு சிறப்புரை, முடிந்தது. விருந்தினர் வராவிட்டாலும் தொடங்கிவிட வேண்டும். அவர் வந்ததும் நடுவில் ஐந்து நிமிடம் கொடுக்கலாம். மரியாதை எல்லாம் முதல் நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரே தடவையில். உரைக்கு 25 நிமிடம், கேள்விக்கு 15. உரை நீண்டால் உரையைத்தான் வெட்ட வேண்டும், கேள்வியை அல்ல. இதை அமர்வுத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். முதல் கேள்வி எப்போதும் மாணவருக்கு. எழுந்து பேசக் கூச்சப்படுபவருக்கு நாற்காலியில் ஒரு துண்டுச் சீட்டும் பேனாவும். தமிழில் கேட்கலாம் என்று ஒவ்வொரு அமர்விலும் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் நம்ப மாட்டார்கள்.

முதல் நாள் மாலை ஊர் மக்களுக்குத் தமிழில் ஒரு பொது உரை வையுங்கள். ஃபுளோரைடுதான் தலைப்பு. ஆட்கள் வருவார்கள், முழங்காலைக் காட்டிக் கேட்பார்கள், நேரம் போதாது.

ஒன்பதாம் படி: புழு மேசை

கொஞ்சம் மெனக்கெட்டால் மாநாட்டிலேயே இதுதான் பேசப்படும். சி. எலிகன்ஸ் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போன்ற உடம்பு, அகார் தட்டில் பாக்டீரியாவைத் தின்று வாழும், ஆயுள் இரண்டு மூன்று வாரம். மூன்று நுண்ணோக்கி, மூன்று தட்டு. ஒன்றில் வளர்ந்து ஒரு நாளான புழு, அடுத்ததில் பன்னிரண்டு நாளானது, மூன்றாவதில் அதே பன்னிரண்டு நாளான டாஃப்-2 வகை. முதல் தட்டில் நெளிந்து ஓடும், இரண்டாவதில் சோர்ந்து கிடக்கும், மூன்றாவது இன்னும் சுறுசுறுப்பாக இருக்கும். எந்த வரைபடமும் இதைப் போலச் சொல்லாது.

பெங்களூரு ஆய்வகம் ஏதாவது ஒன்றிடம் இரண்டு மாதம் முன்பே கேட்டு, அவர்களுடைய உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியோடு ஆளோடு வரவழையுங்கள். ஒரு புழு முந்நூறு குஞ்சு வரை பொரிக்கும் என்பதால் பெரிய புழுக்களை மட்டும் தினமும் புதுத் தட்டுக்கு மாற்றி வளர்க்க வேண்டும். இல்லையென்றால் யார் தாத்தா யார் பேரன் என்று தெரியாமல் போய்விடும். சூடு இதற்கு ஆகாது. 20 டிகிரி சரி, 25ஐத் தாண்டக் கூடாது. தெர்மாகோல் பெட்டி, குளிர் ஜெல் பை, ஏசி அறை. காரின் பின் டிக்கியில் வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் மூன்று தட்டும் ஒரே மாதிரி ஆகிவிடும்.

பத்தாம் படி: சாப்பாடும் ஊர் சுற்றலும்

150 பேருக்கு இரண்டு நாளில் 300 மதியச் சாப்பாடு, 600 டீ. முதல் நாள் மதியம் களியும் கீரையும் கொள்ளுக் குழம்பும் வையுங்கள், பக்கத்தில் சோறும் இருக்கட்டும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று வடநாட்டுக்காரருக்கு யாராவது செய்து காட்ட வேண்டும். ஒகேனக்கல் போகலாம். பரிசல் சவாரி என்று மட்டும் நிரலில் அச்சிடாதீர்கள். ஆடியில் கர்நாடக அணைகளில் இருந்து தண்ணீர் திறந்தால் பரிசலுக்குத் தடை வந்துவிடும். அருவியையும் மீன் குழம்பையும் நம்பிப் போங்கள்.

கடைசிப் படி: கணக்கு

முடிந்த மறுநாளே ரசீதுகளைத் தேதிவாரியாக ஒட்டிவிடுங்கள். வேன்காரர், பந்தல்காரர், சமையல்காரர் மூவரிடமும் ஜிஎஸ்டி பில் வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேச வேண்டும்; பிறகு கேட்டால் கிடைக்காது. நிதி கொடுத்த துறைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ், ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவு செலவு, ஒரு அறிக்கை போக வேண்டும். அறிக்கையில் போட்டோவைக் குறைத்து, துண்டுச் சீட்டில் வந்த கேள்விகளைத் தட்டச்சு செய்து சேருங்கள். பதில் கிடைக்காமல் போனவற்றை மட்டும் தனியாக எடுத்து, அந்தந்தப் பேச்சாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, வரும் பதில்களைக் கேட்டவர்களுக்குச் சேர்ப்பது ஏழு பேர் குழுவில் யார் வேலை என்று அன்றைக்கே பெயர் எழுதிவிடுங்கள்.